ஆனைப் பல்லு

திரையில் கரடி வந்து கையை ஆட்டியதும் பியூலாவுக்குப் பயமாக இருந்தது. தினமும் வருகிற கரடிதான். நேற்றும் இதே கையைத்தான் ஆட்டியது. அதைப் பார்த்து இதுவரை எரிச்சல்தான் வந்திருக்கிறதே தவிர பயம் வந்ததில்லை. குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே சோப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போன், அதன் முன்னால் மகள் ஜோவிட்டா, எட்டு வயது, வீட்டில் ஜோவி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். பிரஷ் பச்சை, வேறு நிறமானால் அது ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். பேஸ்டில் புதினா வாடை கூடாது, அவளுக்கு அது பச்சை மிளகாய். துண்டு இடது தோளில்தான் கிடக்க வேண்டும், குழாய் சொட்டக் கூடாது, விளக்கைப் போடக் கூடாது, ஜன்னல் வெளிச்சம் போதும். எல்லாம் சரியாக இருக்கிறது. சரியில்லாதது ஒன்றே ஒன்று, அது போனுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது, அதை அங்கே கொண்டுபோய் வைத்தது பெற்ற தாய். "வா தங்கம், பிரஷ்ஷ எடு," என்றது போன், ஹெப்சியின் குரலில், கடைசி எழுத்தை லேசாகத் தூக்கிவிட்டு. கையில் ஏற்கெனவே இருந்த பிரஷ்ஷை ஜோவி மரியாதையாக உயர்த்தினாள். அம்மா நூறு தரம் சொன்னாலும் அசையாத கை அது.

ஹெப்சி பியூலாவின் கணவன் சாம்ராஜுக்குத் தங்கை, ஜோவிக்கு அத்தை. தூத்துக்குடியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர், போதாததற்கு சர்ச் கொயரில் முதல் வரிசை. கிறிஸ்மஸ் ஆராதனையில் அவள் தனியாக ஒரு சரணம் எடுத்தால் பின் பெஞ்சில் இருமிக்கொண்டிருப்பவர்கள்கூட இருமலை ஒத்திவைப்பார்கள். பியூலாவுக்கு வாய்த்தது தகரக் குரல். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பாட்டு நேரத்தில் வாயை மட்டும் அசைத்துவிட்டு ஆமென் வரும்போது சேர்ந்துகொள்வாள். அதிலும் ஒரு வேலை முடிந்தால் இடுப்பில் கையை வைத்து அவள் போடுகிற 'அப்பாடா' இருக்கிறதே, அது தெருமுனை வரை கேட்கும். குக்கரை இறக்கினால் அப்பாடா, துணி காயப்போட்டால் அப்பாடா, இந்தக் குளியலறையை விட்டு வெளியே வந்தாலும் அப்பாடா. "ஏட்டி, ஊரையே தலையில சொமந்துட்டு வந்து எறக்கினவ மாதிரில்லா சொல்லுத," என்று சாம் சிரிப்பான். அவன் தங்கையின் குரலைப் பற்றி அவன் ஒருநாளும் கேலி பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது, தேன். தேனில் விழுந்த எறும்பு மாதிரி இவள் மகளும் அதற்குள்ளேயே கிடக்கிறாள்.

"மேல, மேல, மேல," என்றது தேன். பிரஷ் மேல் பல்லில் ஏறியது. திரையில் ஜோவியின் சொந்தப் படமே தெரிந்தது, உதட்டை விரித்து மேல் பல்லைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் ஒரு வட்டம் மெல்ல மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. வட்டம் நிறைந்தால் அடுத்த படம், அடுத்த வரி. இந்த ஆப்பைப் போனில் போட்டுக் கொடுத்தது ஜோவி படிக்கிற சிறப்புப் பள்ளியின் டீச்சர். ஒவ்வொரு படத்துக்கும் நீங்களே பேசிப் பதிவு செய்யலாம், வீட்டு ஆள் குரலாக இருந்தால் பிள்ளை கேட்கும் என்று அந்த டீச்சர் சொன்னாள். வீட்டு ஆள் என்றால் யார்? பெற்றவள்தானே? அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஹெப்சி வந்திருந்தாள். "நீங்க பேசுங்க மைனி," என்று போனை நீட்டவும் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. "என் கொரலக் கேட்டா கரடி காட்டுக்கு ஓடிரும், நீ பேசுட்டி," என்றாள் பியூலா. விருந்துக்குப் போன வீட்டில் முதல் தரம் கேட்கும்போது காப்பி வேண்டாம் என்போமே, அந்த வேண்டாம்தான் அது. இன்னொரு தரம் கேட்பாள், இல்ல மைனி நீங்கதான் பேசணும் என்பாள், அப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஹெப்சி இந்தக் காலத்துப் பிள்ளை, வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டாள். சரி மைனி என்று சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லா வரியையும் ஒரே மூச்சில் பேசி முடித்தாள், கடைசியில் தன் கையாலேயே கைதட்டல் வேறு. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். பியூலா பக்கத்தில் நின்று அந்த மண்ணுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"கீழ, கீழ, கீழ." இது முடிந்தால் அடுத்தது அது. பியூலா போனைப் பார்க்காமல் மகளின் கழுத்தைப் பார்த்தாள், பிடரி மயிருக்குக் கீழே வேர்த்திருந்தது. இந்தக் கழுத்தை எத்தனை காலை இவள் தன் முழங்கைக்குள் பூட்டிப் பிடித்திருக்கிறாள். ஆப் வருவதற்கு முன்னால் பல் தேய்ப்பது என்றால் இந்த வீட்டில் குஸ்தி. சாம் காலைப் பிடிக்க, பியூலா பெரிய துண்டால் கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் போட்டு வாயைத் திறக்க, பிள்ளை கத்துகிற கத்தலில் மாடிவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க, என்ன சித்திரவதை செய்கிறார்களோ என்று அவர்கள் முகமே கேட்கும். சித்திரவதைதான். பிரஷ் முள் ஈறில் படுவது ஜோவிக்கு ஆணி படுவது மாதிரி என்று டீச்சர் பிறகுதான் விளக்கிச் சொன்னாள். அதற்குள் பியூலாவின் ஆள்காட்டி விரலில் ஜோவியின் பல் பதிந்த தழும்பு நிரந்தரமாகிவிட்டது. பல் டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பின்பல்லு ரெண்டு பக்கமும் மோசமா இருக்கும்மா. தேய்ப்பு ஒழுங்கா நடந்தா பாப்போம். இல்லன்னா மயக்கம் குடுத்துத்தான் எல்லாத்தையும் எடுக்கணும்," என்றாள். மயக்கம் என்ற சொல் அன்றைக்கு ஆட்டோவில் ஏறி கூடவே வந்தது, சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்தது. அப்புறம்தான் இந்தக் கரடி. இரண்டாம் நாளே ஜோவி தானாக வாயைத் திறந்தாள். யாரும் பிடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. சாம் வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பியூலாவும் அழுதாள், சந்தோஷத்தில்தான் அழுதாள், அதற்கு ஆண்டவர் சாட்சி, ஆனால் அந்த அழுகைக்கு அடியில் முள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்ததையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அந்த முள் பிறகு வளர்ந்தது. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமலா போகும், வீடு முழுக்க ஊற்றினார்கள். சாம் ஆபீசில் ஒருவர் விடாமல் சொன்னான், எந்தங்கச்சி கொரல்தான் சார் மருந்து என்று. சர்ச்சில் ஐயரம்மா, பாஸ்டரின் மனைவி, ஹெப்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் ஒனக்கு இந்தக் குரலை எதுக்குக் குடுத்தார்னு இப்பத் தெரியுதா என்றார்கள். பியூலாவுக்குக் கர்த்தர் என்ன கொடுத்தார்? இரண்டு கை கொடுத்தார், பிடித்து அமுக்க. பிள்ளையின் காதில் ஒருத்தி தேனாக இருக்கிறாள், இன்னொருத்தி எட்டு வருஷமாகப் பிடித்து அமுக்கியவளாக இருக்கிறாள். தேள் எங்கே கொட்டியது என்று கேட்டால் காட்டலாம், இதை எங்கே காட்டுவது? ஒருநாள் வாய்விட்டே சொன்னாள் சாமிடம். "கொரல் யாரோடதா இருந்தா என்னட்டி, பல்லு தேச்சாச் சரி," என்றான் அவன், நியாயமாகத்தான் சொன்னான். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஜோவி அம்மா என்று கூப்பிடுகிற பிள்ளை இல்லை. அவள் பேச்செல்லாம் எங்கேயோ கேட்டு மனசுக்குள் ஒரு பெட்டியில் எடுத்து வைத்தவை. பசித்தால், 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்பாள், ஜங்ஷன் அறிவிப்பு ராகத்திலேயே. அதற்குத் தோசை என்று அர்த்தம் என்பது உலகத்தில் பியூலாவுக்கு மட்டும்தான் தெரியும். அது ஒரு பெருமையாகத்தான் இருந்தது இத்தனை நாளும். இப்போது அந்தப் பெட்டிக்குள் ஹெப்சி வந்துவிட்டாள். சாயங்காலம் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே ஜோவி முணுமுணுக்கிறாள், மேல மேல மேல, அந்த ஏற்றம், அந்த இழுப்பு, அச்சு அசல். ரயில்வேக்காரிக்கு இடம் இருக்கிறது, அத்தைக்கு இடம் இருக்கிறது. பெற்றவளின் ஒரு வார்த்தைகூட அந்தப் பெட்டியில் இல்லை.

இதில் எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் அந்தக் கடைசி நிமிஷம். சபாஷ் ஜோவிக்குட்டி என்று ஹெப்சி சொல்லி, கைதட்டி, கரடி குட்டிக்கரணம் போட்டு, திரையும் அணைந்துவிடும். ஜோவி போகமாட்டாள். வாயெல்லாம் ஈரத்தோடு அதே இடத்தில் நிற்பாள், எதையோ எதிர்பார்த்து. பியூலா வாளியை நகர்த்தி, சிந்திய தண்ணீரைத் தள்ளி, முதுகை நிமிர்த்துகிற வரைக்கும் நிற்பாள், பிறகு சட்டென்று போய்விடுவாள். இன்னும் ஒரு வார்த்தை அத்தை பேசமாட்டாளா என்று நிற்கிறாள், வேறென்ன. பக்கத்தில் உயிரோடு ஒருத்தி குனிந்து தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கிறாள், அவளைப் பார்க்கத் தோன்றவில்லை, அணைந்த போனுக்குக் காத்திருக்கிறது பிள்ளை.

அதனால்தான் நேற்று மத்தியானம் அதைச் செய்தாள். எல்லா வரியையும் அல்ல, அவ்வளவு பேராசை இல்லை, ஒரே ஒரு வரி. 'ஆ காட்டு, ஆனைப் பல்லு பாப்போம்' என்று பின்பல்லுக்கு வருகிற வரி. மற்றதெல்லாம் ஹெப்சியின் சொத்தாகவே இருக்கட்டும், ஆனைப் பல்லு யாருடையது? ஜோவி கைக்குழந்தையாக இருந்தபோது முதல் கடைவாய்ப் பல் முளைத்ததைத் தடவிப் பார்த்து ஆனைப் பல்லு, எந்தங்கத்துக்கு ஆனைப் பல்லு என்று கொஞ்சியது யார்? ஹெப்சி போனை வாயருகே வைத்துக்கொண்டு பின்னாடி பல்லுக்கு என்ன சொல்லட்டும் மைனி என்று கேட்டபோது எடுத்துக் கொடுத்தது யார்? சொல் இவளுடையது, குரல் அவளுடையது, இரவல் கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் தப்பா? சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். முதல் தரம் குக்கர் விசில் உள்ளே புகுந்துவிட்டது. இரண்டாம் தரம் தன் குரலில் பேசிப் பார்த்து, தகரம் தகரமாகவே கேட்டதும் பயந்து, மூன்றாம் தரம் ஹெப்சி மாதிரியே இழுத்து, 'பாப்போ'மில் ஒரு ஏற்றம் வைத்துப் பேசினாள். கேட்டுப் பார்த்தாள். மாறுவேஷம் போட்டவன் கண்ணாடியைப் பார்த்து நானில்லை என்று சொல்வானே, அப்படித் திருப்தியாக இருந்தது. பழையதை நீக்கவா என்று ஆப் கேட்டது. நீக்கு என்று அமுக்கினாள், அமுக்கிய விரலில் அந்தத் தழும்பு இருந்தது. சாயங்காலம் ஜோவி வந்தபின்தான் உறைத்தது. ஒரு பாத்திரத்தின் நிறம் மாறினால் சாப்பிடாத பிள்ளை இது. நாளைக்கு வாயை மூடிக்கொண்டால்? மறுபடி துண்டு, மறுபடி மடி, சாம் காலைப் பிடிப்பது, அப்புறம் டாக்டரம்மா, மயக்கம். ஒரு வரிக்காகவா? திருப்பி வைக்கப் பழைய வரி எங்கே இருக்கிறது, அதுதான் போய்விட்டதே. பொறாமைக்குக் கண் இல்லை என்பது சும்மா இல்லை, இவளுடையதற்கு விரல் மட்டும் இருந்திருக்கிறது.

வட்டம் நிறைந்தது. படம் மாறியது, வாயைப் பிளந்து நிற்கிற ஜோவி. "ஆ காட்டு," என்றது தகரம், தேன் பூசிக்கொண்டு, "ஆனைப் பல்லு பாப்போம்." ஜோவியின் கை நின்றது. பிரஷ் கன்னத்துக்குள் அப்படியே குத்திட்டு நின்றது. கண் திரையிலிருந்து நகரவில்லை, ஆனால் இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. நுரை உதட்டோரம் வழிந்து தாடைக்கு வந்தது. வட்டம் பாட்டுக்கு நிறைந்துகொண்டே போயிற்று, அதற்கு என்ன தெரியும். அடுத்த வரியும் வந்துவிட்டால் வரிசை குலைந்துவிடும், வரிசை குலைந்தால் தீர்ந்தது. பியூலா பாய்ந்து போன் திரையை அணைத்தாள். அணைத்த பிறகுதான் அது அதைவிடப் பெரிய தப்பு என்று பட்டது, திரை கறுப்பாகிவிட்டது, கரடியும் இல்லை. ஜோவியின் தொண்டைக்குள் ம்ம்ம் என்று ஒரு ஓசை கிளம்பியது. கத்தலுக்கு முன்னால் வருகிற ஓசை, கொதிக்கப்போகிற தண்ணீர் மாதிரி. "ஆனைப் பல்லு, தங்கம்," என்றாள் பியூலா, கெஞ்சினாள், "ஆ காட்டு தங்கம், அம்மாதான் பேசுதேன்." ஓசை உயர்ந்தது. அம்மாதான் என்பது சமாதானம் ஆகாத வீட்டில் பிறகு எதைச் சொல்வது. அவள் கை தானாகப் பெரிய துண்டு தொங்குகிற ஆணிப் பக்கம் போனது, பழகிய கை. போன கையை அவள் பாதியிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டாள். கர்த்தாவே, அந்த வரியைத் திருப்பிக் கொடுத்துவிடும், ஹெப்சியே இருந்துகொள்ளட்டும், முழுசாக அவளே இருந்துகொள்ளட்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம்.

"ஆ காட்டு," என்று யாரோ சொன்னார்கள். "ஆனைப் பல்லு பாப்போம்." நுரைக்குள்ளிருந்து கொழகொழவென்று வந்தது, ஆனால் ராகம் பிசகவில்லை, அந்த ஏற்றம், அந்த இழுப்பு, சர்ச் கொயர் முதல் வரிசை. ஜோவிதான் சொன்னாள். தப்பாகப் பாடிய பிள்ளையை டீச்சர் திருத்துவதுபோலச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள், பிரஷ் பின்பக்கம் போனது, இந்தப் பக்கம் தேய்த்தது, அந்தப் பக்கம் தேய்த்தது. பியூலா சுவரில் சாய்ந்துகொண்டாள். கத்தல் வரவில்லை, மயக்கம் வேண்டாம், பல் பிழைத்தது. அதே மூச்சில், இப்படியும் ஒரு பிறவியா என்று அவளையே அவளுக்குப் பிடிக்காமல் போகும்படி, அந்த முள் மறுபடி குத்தியது. போன் கூட வேண்டியதில்லை இனி, ஹெப்சி பிள்ளைக்குள்ளேயே குடிவந்துவிட்டாள், இனி எதை அழித்து எதை மாற்றுவது. "துப்பும்மா," என்று ஜோவி தனக்கே சொல்லிக்கொண்டு துப்பினாள். "கொப்பளி, கொப்பளி," கொப்பளித்தாள். "சபாஷ் ஜோவிக்குட்டி," பிரஷ்ஷும் கையுமாகத் தட்டிக்கொண்டாள். சபாஷையும் அத்தை ராகத்திலேயே வாங்கிக்கொண்டாள்.

பிறகு நின்றாள், தினமும் நிற்பதைப் போலவே. போன் கறுப்பாகக் கிடந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. பியூலா வாளியை நகர்த்தவில்லை, தண்ணீரைத் தள்ளவில்லை, சுவரோடு சுவராக முந்தானையை வாயில் வைத்து அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். ஜோவி காத்திருந்தாள். குழாயைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், அம்மாவின் இடுப்பைப் பார்த்தாள், முகத்தை அல்ல, இடுப்பை. ஏதோ ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது, அதைச் செய்ய வேண்டியவர் செய்யவில்லை என்பதுபோல ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். கடைசியில் அவளே ஈரக் கையைத் தன் இடுப்பில் வைத்தாள். தோள் இரண்டும் தொப்பென்று இறங்கின. "அப்பாடா," என்றாள். தேன் இல்லை அதில், ஏற்றம் இல்லை, இழுப்பு இல்லை, ஊரையே தலையில் சுமந்துவந்து இறக்கியவளின் அப்பாடா, தெருமுனை வரை கேட்கிற தகரம். சொல்லிவிட்டுத் துண்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பியூலா அப்படியே வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் பிள்ளை நின்றது இதற்கா? கைதட்டலுக்குப் பிறகு இன்னும் ஒரு வரி இருந்திருக்கிறது, அது எந்த ஆப்பிலும் இல்லாத வரி, யாரும் பதிவு செய்யாத வரி, அது வந்தால்தான் பல் தேய்ப்பது முடிந்தது என்று ஜோவி வைத்திருக்கிறாள். எட்டு வருஷம் தங்கம், கண்ணு, செல்லம் என்று கொட்டிய சொல்லையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளை பொறுக்கி எடுத்தது ஒரு பெருமூச்சை. நல்ல சொல்லாகப் பார்த்து எடுத்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள், அடுத்த கணமே சிரிப்பு வந்தது, சிரிப்போடு மூக்கும் ஒழுகியது. அழுக்காக இருந்தாலும் அது தன்னுடையது, ஹெப்சி எத்தனை தரம் பாடிப் பழகினாலும் அந்தத் தகரம் அவளுக்கு வராது. கூடத்திலிருந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று குரல் வந்தது. "வாரேன்," என்றாள் பியூலா.

தோசைக்கல்லைப் போட்டபோது போன் அடித்தது. பள்ளிக்குக் கிளம்பும் முன் ஹெப்சி தினமும் கூப்பிடுவாள். "மைனி, பிள்ள பல்லு தேச்சாளா?" "தேச்சிட்டா." "ஆனைப் பல்லு?" "அதும் தேச்சா. ஏட்டி ஹெப்சி, அந்த வரி மட்டும் அழிஞ்சிட்டு. எங் கை பட்டுத்தான் அழிஞ்சிட்டு. நீ மறுபடியும் பேசி அனுப்பு." இதைச் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "நீங்களே பேசிருக்கலாம்லா மைனி," என்றாள் ஹெப்சி. இரண்டாம் தரம் கேட்க அவளுக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. "பேசிப் பாத்தேன். எங்கொரலு சரியில்லன்னுட்டா ஒம் மருமவ." இருவரும் சிரித்தார்கள். "சரி, இண்டர்வெல்ல பேசி அனுப்புதேன். வேற என்ன மைனி, ஏதும் புதுசா சொன்னாளா?" பியூலா தோசையைத் திருப்பிப் போட்டாள். ஜோவி மேசைக்கு முன்னால் மஞ்சள் தட்டோடு உட்கார்ந்து, இடுப்பில் ஒரு கையை வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லயே," என்றாள் பியூலா, "புதுசா ஒண்ணுஞ் சொல்லல."